மூன்று மாலையும் அதே ஆடு

தொபியாஸ் அந்த ஆட்டுக் கதையை மூன்றாவது மாலையும் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது.

கதை இதுதான். மணப்பாட்டில் பங்குச் சாமியார் ஒருவர் திருநாளுக்கென்று வாரம் பூராவும் உட்கார்ந்து பிரசங்கம் எழுதி வைத்திருக்கிறார். பூசைக்கு முதல் மணி அடிக்கிற நேரத்தில் தொபியாஸ் வீட்டு ஆடு அவர் அறைக்குள் புகுந்து, தாள் அத்தனையையும் மென்று தின்றுவிட்டது. தொபியாஸின் அப்பா கையைப் பிசைந்துகொண்டு நிற்க, சாமியார் ஆட்டின் தலையைத் தடவிச் சொன்னாராம்: "இருக்கட்டும்பா. இந்த ஊர்ல என் பிரசங்கம் ஒரு சீவனுக்காவது உள்ள எறங்கிச்சே."

போன மழைக்காலத்தில் முதல் தடவை கேட்டபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். நல்ல கதைதான். ஆனால் இந்த வாரம் செவ்வாய்க்கிழமை அதையே ஒரு எழுத்து மாறாமல் சொன்னான். கடைசியில், "நாளைக்கி ஞாயித்துக்கெழமல்லா, பூசைக்குப் போவணும்னு ஆசைதான், கடல்ல எங்க போவ. சரில மக்கா, வாரேன்" என்று முடித்தான். புதன்கிழமையும் அதே ஆடு, அதே சாமியார், அதே ஞாயிற்றுக்கிழமை. வியாழனும் அப்படியே.

"ஏல தொபி, கிழம தெரியாமப் போச்சால உனக்கு? ஆடு உன் மூளையையும் மேஞ்சிட்டு போல" என்று சொல்லி நன்றாகச் சிரித்து அனுப்பினேன். மூன்று மாலையும் சிரித்துத்தான் அனுப்பினேன். இது முக்கியம், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

என் பெயர் கஸ்பார். சொந்த ஊர் தூத்துக்குடி. கப்பலில் வேலை என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேனே தவிர, இந்தக் கப்பலுக்கு நான் தேவையே இல்லை. பாய்மரச் சரக்குக் கப்பல், பாயை அதுவே விரிக்கும், அதுவே சுருட்டும், வழியையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆள் இல்லாமல் கடலில் போகிற கப்பலுக்குக் காப்பீடு கிடையாது என்று ஒரு சட்டம் வந்ததால் ஒரு மனுசன் வேண்டும். அந்த மனுசன் நான். கொல்லையில் சட்டை மாட்டிய பொம்மை நிற்கிற மாதிரி கடலில் நிற்கிறேன்.

தொபியாஸ் இதே கம்பெனியின் இன்னொரு கப்பலில் நிற்கிற பொம்மை. நான் கிழக்கே போகும்போது அவன் மேற்கே வருவான். நான் கரையில் இருக்கும்போது அவன் கடலில் இருப்பான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. தினம் மாலையில் கம்பெனி கொடுத்த பெட்டியில் பொத்தானை அமுக்கிப் பேசி அனுப்புவோம். அது வானத்துக்குப் போய் இறங்கி, அவன் கேட்டு, பதில் சொல்லி, அது எனக்கு வருவதற்குள் ஒரு கட்டன்சாயா போட்டுக் குடித்துவிடலாம். வேறு மனுசக் குரல் இந்தக் கடலில் எனக்குக் கிடையாது. கரைக்குப் பேச ஒரு போன் உண்டு. அது கப்பலுக்கு ஏதாவது ஆனால் மட்டும்தான். எனக்கு ஏதாவது ஆனால் பேச ஒன்றும் கிடையாது.

தொபியாஸைப் போலச் சந்தோசமான ஆளை நான் கண்டதில்லை. இத்தனை காலத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் சலித்துக்கொண்டதில்லை. சில நேரம் அது எனக்கு ஆத்திரமாகக்கூட இருக்கும். என் மனைவி செலின் இறந்த நாள் வந்தபோது அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆஸ்பத்திரி, கடைசியில் அவள் தண்ணீர் கேட்டது, நான் டம்ளரோடு வருவதற்குள் முடிந்துபோனது, எல்லாம். சாயா ஆறும் வரை காத்திருந்தேன். பதில் வந்தது: "என்னல, மறுபடியும் சோத்தக் கரிச்சிட்டியா? உனக்கெல்லாம் எதுக்குல அடுப்பு?" என்று ஒரே சிரிப்பு. கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்தேன். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு நானே போய்ப் பேசினேன். கோபித்துக்கொள்ளவும் ஆள் வேண்டுமல்லவா?

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

முற்பகலில் காற்றும் மழையுமாக ஒரு அடி அடித்தது. எங்கோ பக்கத்தில் இடி விழுந்தது. விளக்குகள் அணைந்து எரிந்தன. கப்பல் மூளை, அதாவது அதன் கம்ப்யூட்டர், படுத்து, மறுபடி எழுந்திருக்கத் தொடங்கியது. இது முன்பும் நடந்திருக்கிறது. திரையில் எண்கள் ஐந்து, நான்கு என்று இறங்கும். முடிந்ததும் தானாக எல்லாம் ஓடும். நான் பார்த்துக்கொண்டு நின்றால் போதும்.

ஆனால் மேசையில் மாதா இருந்தாள். எங்கள் ஆட்கள் வள்ளமானாலும் விசைப்படகானாலும் மாதா சுரூபம் இல்லாமல் கடலில் இறங்க மாட்டார்கள். மேசையில் எந்தப் பொருளும் வைக்கக்கூடாது என்று கம்பெனி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அந்த ஸ்டிக்கர் மேல்தான் நான் வேளாங்கண்ணி மாதாவை டேப் போட்டு ஒட்டியிருந்தேன். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது, டேப் விட்டது, மாதா முகம் குப்புற விசைப்பலகையில் விழுந்தாள். எண் மூன்றில் நின்றுபோனது. கறுப்புத் திரையில் ஒரு அம்புக்குறி, அதன் பக்கத்தில் மினுக்கு மினுக்கென்று ஒரு கட்டம். அவ்வளவுதான். பாய்கள் சுருண்டபடியே கிடந்தன. கப்பல் சும்மா மிதந்தது.

மாதாவை எடுத்துத் துடைத்து முத்தம் கொடுத்துவிட்டு, கரைக்குப் போன் போட்டேன்.

எடுத்தது ஒரு பெண். அகல்யா என்று பெயர் சொன்னாள். சென்னையில் கம்பெனியின் உதவி மேசையில் இருக்கிறாளாம்.

"பயப்படாதீங்கண்ணா. எண் இறங்கும்போது ஏதாவது கீ பட்டிருக்கும். பட்டா அங்கயே நின்னுடும். கீ எதுவும் தட்டினீங்களா?"

"நான் தட்டல. மாதா தட்டினா."

"யாருண்ணா அது? கப்பல்ல ஒருத்தர்தானே இருக்கணும்?"

விளக்கிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை விழுங்கியது கேட்டது. அந்தக் கணமே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

"சரிண்ணா. இப்ப நீங்க நிக்கிற இடம் பூட்லோடர். கப்பல் மூளை முழுசா முழிக்கிறதுக்கு முன்னாடி ஓடுற சின்ன புரோகிராம். நான் எங்க இருக்கேன், எதை முதல்ல எழுப்பணும்னு அது பாத்து வச்சிக்கிற விசயங்க கொஞ்சம் இருக்கு. இடி விழுந்ததால அது கெட்டிருக்கான்னு மட்டும் பாத்துட்டுக் கிளப்பிடலாம். பிரின்ட்என்வ்-னு அடிங்க."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். இரண்டு விரலால் அடித்தேன். திரை முழுக்க வரிகள் வந்தன. ஆங்கிலம்தான், நான் இங்கே நம் மொழியில் சொல்கிறேன். கப்பல் பெயர் இது, காத்திருக்கும் நேரம் இது, முதலில் எழுப்ப வேண்டியது இது என்று ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்றாள்.

"இது ஒரு வகை. இன்னொரு வகை இருக்கு, ஃபர்ம்வேர் பக்கம். அதே பிரின்ட்என்வ் அடிச்சு, பக்கத்துல ஒரு சின்னக் கோடு, ஒரு ஈ."

"ரெண்டுக்கும் என்ன யம்மா வித்தியாசம்?"

"எங்க வீட்டுல அஞ்சறைப் பெட்டி, டப்பா மேலெல்லாம் அம்மா சீட்டு ஒட்டி வச்சிருப்பாங்க. துவரம் பருப்பு, கடலைப் பருப்புன்னு. வேணாம்னா கிழிச்சிட்டு வேற ஒட்டலாம். நீங்க இப்ப பாத்தது அது மாதிரி. இந்த ஈ போட்டா வர்றது பாத்திரத்துல பேர் வெட்டுற மாதிரி. தயாரிச்சவங்க வெட்டினது. அவங்க கையெழுத்துச் சாவி இல்லாம யாரும் மாத்த முடியாது. அதுல துவக்க வரிசைன்னு மேல ஒரு வரி வரும், அத மட்டும் வாசிங்க. மத்தது உங்களுக்கு வேணாம்."

வேணாம் என்றால் விடுகிற ஆளா நான்? பேச்சுக்கு ஆள் இல்லாதவன் தீப்பெட்டி அட்டையைக்கூட விடாமல் வாசிப்பான். அவள் கேட்ட வரியை வாசித்தேன். "சூப்பர்ணா, இப்ப பூட்-னு அடிச்சா எழுந்துக்கும்" என்றாள். நான் அடிக்கவில்லை. கீழே கண் போய்க்கொண்டிருந்தது.

குரல் வடிகட்டி = ஆம்.
இடம் = அனுப்பும் முன்.
நீக்கு = அழுகை, மரணம், நோய், தற்கொலை, கம்பெனி, சம்பளம்.
நீக்கிய இடத்தில் நிரப்பு = அதே ஆளின் பழைய பேச்சு, சிரிப்பு உள்ளது.

இரண்டு தடவை வாசித்தேன். புரியாமல் இல்லை. புரிந்ததை உள்ளே இறக்க நேரம் ஆனது.

"அண்ணா? அடிச்சீங்களா?"

"யம்மா, இந்தக் குரல் வடிகட்டின்னா என்ன?"

"அது... நீங்க அத ஏண்ணா வாசிச்சீங்க."

"வாசிச்சாச்சு. சொல்லு."

"எனக்கே முழுசாத் தெரியாதுண்ணா. நான் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு கப்பல்ல இதே மாதிரி ரெண்டு பேர் பேசிட்டிருந்தாங்களாம். ஒருத்தருக்கு வீட்டுல ஏதோ பிரச்சினை. தினம் அழுதிருக்காரு. கேட்டுக் கேட்டு மத்தவரும் உடைஞ்சு போயிட்டாரு. ரெண்டு கப்பலும் துறைமுகத்துக்கு வந்துச்சு, ரெண்டுலயும் ஆளு இல்ல. அதுக்கப்புறம்தான் இத வச்சாங்க. நல்லதுக்குன்னுதான்."

"நல்லதுக்குன்னா எங்ககிட்ட சொல்லிருக்கலாமே."

"சொன்னா நீங்க மனசு விட்டுப் பேச மாட்டீங்கன்னு நெனச்சிருப்பாங்க."

"மனசு விட்டுப் பேசி, அதத் தூக்கிக் கடல்ல போடுறதுக்கா? சரி, அழுகைக்கும் சாவுக்கும் நீ சொல்றது காரணம். சம்பளம் எதுக்கு யம்மா அதுல கெடக்கு?"

"அது அப்புறமா சேர்த்தது" என்றாள் மெதுவாக.

எனக்கு அப்போதுதான் செலின் நினைவுக்கு வந்தாள். அன்றைக்கு நான் கொட்டியது ஒன்றும் தொபியாஸிடம் போகவில்லை. பெட்டி அதை எடுத்துவிட்டு, நான் என்றோ சோறு கரிந்துபோனதைச் சொல்லிச் சிரித்ததை வைத்து அனுப்பியிருக்கிறது. பாவி, அவன் சோற்றுக்குத்தான் பதில் சொன்னான். அவனைப் போய்க் கல்நெஞ்சுக்காரன் என்றேன்.

அடுத்து ஆடு நினைவுக்கு வந்தது.

ஒரு எழுத்து மாறாத ஆடு. செவ்வாய்க்கிழமையில் வந்த ஞாயிற்றுக்கிழமை. அது இந்த வாரத்துப் பேச்சே இல்லை. மழைக்காலத்துப் பேச்சு. அப்படியென்றால் மூன்று மாலையாகத் தொபியாஸ் வேறு என்னவோ சொல்லியிருக்கிறான். அந்தப் பட்டியலில் இருக்கிற என்னவோ. ஒரு வார்த்தைகூட மிச்சமில்லாமல் முழுதாக எடுக்க வேண்டிய என்னவோ. அதற்குப் பதிலாக நான் சிரித்திருக்கிறேன். என் சிரிப்பை எந்த வடிகட்டியும் நிறுத்தியிருக்காது. அது அப்படியே போய் அவன் காதில் விழுந்திருக்கும்.

"யம்மா, தொபியாஸ் கப்பலுக்கு இப்பவே போன் போடு. அவன் இருக்கானான்னு பாரு."

"அவர் கைல கட்டியிருக்கற கைப்பட்டை இங்க தெரியுதுண்ணா. நாடி நார்மல். மனநிலை மதிப்பெண்ணும் பாத்தேன். எல்லாக் கப்பல்லயும் அவருக்குத்தான் அதிகம்."

"அந்த மதிப்பெண்ண எத வச்சுப் போடுறாங்க?"

விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. "மாலைல பேசுற பேச்ச வச்சு" என்றாள். "வடிகட்டினதுக்கு அப்புறம் உள்ள பேச்ச வச்சு."

அவளுக்கும் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"நான் மேல எழுதிப் போடுறேண்ணா. டாக்டர் அடுத்த வாரம் அவருகிட்ட பேசுவாரு."

"அடுத்த வாரம் வரைக்கும் அவன் இருப்பான்னு நீ எழுதிக் குடுப்பியா?"

"என்னால வேற என்ன பண்ண முடியும்ணா. நான் வெறும் உதவி மேசை. கப்பல்ல இருக்கிற ஆள்கிட்டப் பேசுற லைன்கூட எனக்குக் கெடையாது, அவங்களாக் கூப்பிட்டாத்தான். இந்த ஃபர்ம்வேர் வரியையும் இங்கேர்ந்து யாரும் மாத்த முடியாது. பாத்திரத்துல வெட்டின பேரு."

"சரி யம்மா" என்றேன். அவளைக் கோபித்து என்ன பயன். சம்பளத்துக்கு இருக்கிறவள், என்னைப் போல.

"அண்ணா, இருங்க. வைக்காதீங்க." அவள் குரல் மாறியிருந்தது. ஏதோ படித்துக் காட்டுகிற குரல். "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுது. அதனால உங்க பாதுகாப்புக்காகச் சில எச்சரிக்கை சொல்லணும். பாத்திரத்துல பேர் வெட்டியிருந்தாலும், அதுமேல ஒரு சீட்டு ஒட்டினா எல்லாரும் சீட்டத்தானே முதல்ல பாப்பாங்க. கப்பலும் அப்படித்தான். அதனால தயவுசெஞ்சு செட்என்வ்-னு அடிச்சு, இடைவெளி விட்டு, குரல் வடிகட்டிங்கற அந்தப் பேர அப்படியே அடிச்சு, இடைவெளி விட்டு, இல்லைன்னு அடிச்சிடாதீங்க. அடிச்சா உங்க கப்பல்லேர்ந்து போற பேச்சு வடிகட்டாம அப்படியே போயிடும். முக்கியமா, அதுக்கப்புறம் சேவ்என்வ்-னு அடிக்கவே அடிக்காதீங்க. அடிச்சா அது நெலச்சிடும். எழுத்து ஏதாவது புரியலன்னா கேளுங்க, எத அடிக்கக்கூடாதுன்னு தெளிவா இருக்கணும்ல."

"ரெண்டாவது அடிக்கக்கூடாதது சரியாக் கேக்கல யம்மா."

எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அடித்தேன். மாதாவை மேசையில் நிற்க வைத்து, இந்தத் தடவை கையால் பிடித்துக்கொண்டு, பூட் என்று அடித்தேன். கொஞ்ச நேரத்தில் பாய்கள் விரிகிற சத்தம் மேலே கேட்டது.

"கப்பல் எழுந்திருச்சுண்ணா. வேற ஏதாவது உதவி வேணுமா?"

"நீ நல்லாருக்கணும்" என்றேன்.

"அவரு... என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்க. கப்பல்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

மாலை வரை காத்திருக்கவில்லை. பெட்டியை எடுத்துப் பேசினேன்.

"தொபி, நான் கஸ்பார். மொதல்ல இத முழுசாக் கேளு. நீ மூணு நாளா என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாது. எனக்கு வந்தது ஆட்டுக் கததான். மூணு நாளும் அதேதான். உன் பெட்டி நீ சொன்னத எடுத்துட்டு ஆட்ட வச்சு அனுப்பிருக்கு. நான் சிரிச்சது ஆட்டுக்குல. உனக்கில்ல மக்கா. மாதா சத்தியமா உனக்கில்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். கப்பலின் மெயின் சுவிட்சை இறக்கி ஏற்று, எண் இறங்கும்போது ஏதாவது விசையைத் தட்டு, இதை அடி, அதை அடி என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். தப்பாகிவிடக்கூடாதென்று மறுபடியும் சொன்னேன். அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். சாயா கொதித்துச் சுண்டிப்போனது. இறக்கிவைக்கத் தோன்றவில்லை.

பெட்டியில் விளக்கு எரிந்தது.

"ஏல கஸ்பாரு, எங்க ஊர்ல ஒரு சாமியார் இருந்தாரு கேட்டியா..."

அதே ஆடு. அதே தாள். அதே ஞாயிற்றுக்கிழமை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இருக்கிறான். ஆள் இருக்கிறான், ஏதோ சொல்கிறான், அது எனக்கு வரவில்லை. சாமியார் ஆட்டின் தலையைத் தடவுகிற இடத்தில் எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. ஒரு நகைச்சுவைக் கதைக்கு இப்படி அழுத பைத்தியக்காரன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பொத்தானை அமுக்கினேன். "மக்கா, மறுபடியும் ஆடுதான் வந்துச்சு. நீ எதச் சொன்னாலும் எனக்கு ஆடுதான் வரும். அதனால ஒண்ணும் சொல்லாத. நான் சொன்னதச் செய். சுவிட்ச எறக்கு. எனக்காகச் செய்யில. செஞ்சிட்டு ஒரு வார்த்த சொல்லு. அதுக்கப்புறம் உன் இஷ்டம், நான் தடுக்க மாட்டேன்." கடைசியாகச் சொன்னது பொய். தடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பதில் வரவில்லை.

சனிக்கிழமை காலையிலும் வரவில்லை. கரைக்குப் போன் போட்டு, பாயில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொன்னேன். அகல்யா இல்லை. வேறொரு தம்பி எடுத்தான். பேச்சோடு பேச்சாகத் தொபியாஸ் கப்பலைப் பற்றிக் கேட்டேன்.

"அது நேத்து சாயங்காலத்துலேர்ந்து நின்னு கெடக்கு சார். சிக்னலே இல்ல."

"கைப்பட்ட?"

"கப்பல் மூளை வழியாத்தான சார் அது வரும். அதுவும் இல்ல. ஆள் அனுப்பணும்னு பேசிட்டிருக்காங்க."

நின்று கிடக்கிறது என்றால் சுவிட்சை இறக்கியிருக்கிறான். அதுவரை சரி. இறக்கியவன் ஏன் ஏற்றவில்லை? எழுத்துத் தப்பிவிட்டதா? திரைமுன் உட்கார்ந்து அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறானா? இல்லை, நான் சொன்னதைச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு உன் இஷ்டம் என்று நானே சொன்னதையும் செய்துவிட்டானா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதை ஏன் சொன்னேன் என்று என்னை நானே அறைந்துகொண்டேன். பகல் பூராவும் மேல்தளத்தில் நின்றேன். சுற்றிலும் கடல். இத்தனை பயணத்தில் கடல் அவ்வளவு பெரிதாக எனக்குத் தெரிந்ததே இல்லை. சோறு இறங்கவில்லை. மாதாவிடம் சண்டை போட்டேன். நீதானே தட்டினாய், பாதியில் விட்டால் எப்படி என்று கேட்டேன்.

வெயில் சாய்ந்து பேசுகிற நேரம் வந்தது. பெட்டியின் முன் உட்கார்ந்தேன்.

விளக்கு எரிந்தது.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மூச்சு. மூக்கை உறிஞ்சுகிற சத்தம். யாரோ முன்பின் தெரியாத ஆள் என்று நினைத்தேன். இத்தனை காலம் கேட்ட தொபியாஸ் குரல் கணீரென்று இருக்கும். இது தொண்டை கட்டி, கிழிந்துபோன குரல்.

"வருதால? இப்பவாவது வருதா, இல்ல இதுவும் ஆடுதானா?"

பிறகு அவன் அழுதான். வெகுநேரம் அழுதான். நான் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டேன். இத்தனை காலத்தில் எனக்கு வந்து சேர்ந்த சத்தங்களில் அதைவிட நல்ல சத்தம் ஒன்று இல்லை.

"எந்தம்பி சேவியர் போயிட்டாம்ல. வள்ளம் கவுந்துட்டு. திங்கக்கெழம தகவல் சொன்னாவ. கப்பலத் திருப்ப முடியாதுன்னுட்டாவ. நான் தூக்கி வளத்த பய. ஒரு பிடி மண்ணு போட நான் அங்க இல்ல. எனக்கும் போதும்னு ஆயிட்டு. உங்கிட்டச் சொல்லிட்டுப் போவோம்னு பாத்தேன். செவ்வாக்கெழம சொன்னேன், போறேன்னு. நீ சிரிச்ச. வெளங்காமச் சிரிக்கான்னு மறுநாளும் சொன்னேன், போறேம்ல, போறேன்னு. நீ அதுக்கும் சிரிச்ச. மூணாவது நாளும் சிரிச்ச. அப்பம்தான் எனக்கு ரொம்ப ஆத்திரம் வந்துட்டு. இவன நேர்ல பாத்து ரெண்டு அறை விடாமப் போவக்கூடாதுன்னு இருந்தேன். அந்த ஆத்திரத்துலதாம்ல வெள்ளிக்கெழம வரைக்கும் கெடந்தேன். நேத்து சுவிட்ச எறக்கிட்டு, எழுத்துத் தப்பித் தப்பி, இப்பதாம்ல சரியா வந்துச்சு."

சத்தம் நின்றது. என் முறை.

பொத்தானை அமுக்கினேன். சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன். தம்பிக்கு ஒரு செபம் சொல்லலாம் என்று இருந்தேன். செலினைப் பற்றி, அந்தத் தண்ணீர் டம்ளரைப் பற்றி மறுபடி சொல்லலாம் என்று இருந்தேன். ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது. விரலை எடுக்காமல் அழுது, அதை அப்படியே அனுப்பினேன்.

அது வானத்துக்குப் போய் இறங்குகிற நேரம் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு எரிந்தது.

"கேட்டுச்சு மக்கா" என்றான் தொபியாஸ். "நீ அழுதது கேட்டுச்சு." மூக்கை உறிஞ்சினான். "நாளைக்கி நெசமாவே ஞாயித்துக்கெழமல்லா. தம்பிக்கு நாம ரெண்டு பேரும் இங்கயே செபம் சொல்லுவோம். சரில, வாரேன்."